காயும்போது என்ன வாடை வருகிறது?

கடையில் போய் "சிலிகான் ஒண்ணு குடுங்கண்ணே" என்றால், மதுரையில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் கண்ணாடி அலமாரிக்கும் மீன் தொட்டிக்கும் பூசுகிற ட்யூப்தான். அந்த வேலைக்கு அது நல்ல சரக்கு, குறை சொல்ல மாட்டேன். கண்ணாடியை அது பிடிக்கிற பிடி வேறு எதற்கும் வராது. அதே ட்யூபை எலக்ட்ரானிக் போர்டின் மேல் பிதுக்கும்போதுதான் வினை தொடங்குகிறது.

கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். விவசாய மோட்டார்களுக்கான ஆட்டோ ஸ்டார்ட்டர் போர்டு செய்வதும் பழுது பார்ப்பதும் பிழைப்பு. மொபைலில் இருந்து கூப்பிட்டால் தோப்பில் மோட்டார் ஓடுமே, அந்த வகையும் உண்டு. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி என்று நாலா பக்கமும் இருந்து பெட்டிகள் வரும். கொண்டுவருகிறவர் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "தண்ணி பட்டுருச்சு தம்பி." திறந்து பார்த்தால் பல போர்டுகளில் தண்ணீர் பட்ட தடமே இருக்காது. மோட்டார் ரூமில் தண்ணீர் தெறிக்கும், பல்லி நுழையும், எறும்பு கூடு கட்டும் என்று பயந்து யாரோ ஒரு மெக்கானிக் போர்டு முழுக்கச் சிலிகானை அப்பி, அது காய்வதற்கு முன்பே பெட்டியை இறுக்க மூடித் திருகியிருப்பார். பிளேடால் உரித்துப் பார்த்தால் அடியில் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. ஒயரைச் சீவிப் பார்த்தால் தோலுக்குள்ளேயும் ஒரு விரல் தூரத்துக்குக் களிம்பு ஏறியிருக்கும். இழைகளுக்கு நடுவே இருக்கிற சந்து வழியாக அது உள்ளே போயிருக்கிறது.

தண்ணீரைத் தடுக்கப் போட்ட மருந்தே அமிலம் விட்டிருக்கிறது. அந்த வகை ட்யூபைப் பிதுக்கினால் மூக்கைத் துளைக்கிற ஒரு புளிப்பு நெடி வருமே, அது அசிட்டிக் அமிலம். ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரில் இருக்கிற அதே பொருள். திறந்த இடத்தில், கண்ணாடி மேல் போட்டால், சில நாளில் காற்றோடு போய்விடும், யாருக்கும் கெடுதல் இல்லை. மூடிய பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் கிடையாது. செம்பு, பித்தளை, துத்தநாகம், இரும்பு என்று அகப்பட்டதில் எல்லாம் வேலையைக் காட்டும்.

சிலிகான் வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எது நல்லா ஸ்ட்ராங்கா ஒட்டும்?" என்றுதான். அடுத்த கேள்வி, "எத்தனை டிகிரி தாங்கும்?" இரண்டுமே பெரிய விஷயம் இல்லை. சாதாரணச் சிலிகான் ரப்பரே மைனஸ் 45-இல் இருந்து 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். உசிலம்பட்டி வெயிலுக்கு அது தாராளம். மின்காப்பும் அப்படித்தான். ஒரு மி.மீ. தடிப்புக்கே ஏறத்தாழ 15 முதல் 20 கிலோவோல்ட் வரை தாங்குகிற பொருளை 415 வோல்ட்டுக்குப் போடும்போது எந்த ட்யூப் கூடுதல், எது குறைவு என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. கேட்க வேண்டியது வேறு: காயும்போது இது எதை வெளியே விடுகிறது, காய்வதற்கு எதை உள்ளே இழுக்கிறது, காய்ந்த பிறகு எதையெல்லாம் போக வர விடுகிறது. இதற்குப் பதில் தெரிந்தால் பாதி ட்யூப்கள் தாமாகவே பட்டியலில் இருந்து கழன்றுவிடும்.

கொஞ்சம் வேதியியல் சொல்லித்தான் ஆக வேண்டும். மரத்து ரப்பரின் முதுகெலும்பு கார்பன் சங்கிலி. சிலிகான் ரப்பருடையது சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி வருகிற சங்கிலி. மணலில் இருக்கிற அதே இணைப்புதான். அதனால்தான் வெப்பத்துக்கும் வெயிலுக்கும் அசைவதில்லை. 1940-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் யூஜின் ரோக்கோ இதற்கான மூலப்பொருளை நேரடியாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் சிலிகான் மலிவாகக் கிடைக்க வழி பிறந்தது. 1943-இல் டௌ கார்னிங் கம்பெனி தொடங்கியபோது அவர்களின் முதல் பெரிய சரக்கே விமான என்ஜின்களின் இக்னிஷன் இணைப்புகளுக்குள் ஈரம் புகாமல் அடைக்கிற ஒரு சிலிகான் களிம்புதான். பாத்ரூமுக்கு வருவதற்கு முன்னால் மின்சார வேலைக்கு வந்த பொருள் இது.

ட்யூபுக்குள் இந்தச் சங்கிலிகள் தனித்தனியாக, பிசினாகக் கிடக்கும். கூடவே குறுக்கே முடிச்சுப் போடுகிற இன்னொரு பொருளும் இருக்கும். வெளியே வந்ததும் காற்றில் இருக்கிற ஈரம் அந்த முடிச்சுப் பொருளைத் தூண்டும். அது சங்கிலிகளைப் பின்னும்போது தன்னிடம் இருந்து ஒரு துண்டை உதறும். அந்தத் துண்டு எது என்பதை வைத்துத்தான் வகை.

அசிட்டிக் அமிலத்தை உதறுவது அசிடாக்சி வகை. வேகமாகக் காயும், கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. போர்டுப் பக்கம் கொண்டுவரவே கூடாது. இரண்டாவது ஆக்ஸைம் வகை. கடைகளில் 'நியூட்ரல்' என்று எழுதிய ட்யூப்களில் பலவும் இதுதான். அமிலம் கிடையாது, நெடியும் குறைவு. அதனால் பலர் இத்தோடு தேடலை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இது உதறுகிற மெத்தில் எத்தில் கீட்டாக்ஸைம், இடுக்கான மூடிய இடத்தில் தேங்கினால் செம்பைக் கறுக்க வைக்கும், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். ஸ்டார்ட்டர் பெட்டிகளில் உள்ளே இருக்கும் எல்இடி தெரிவதற்காக வைக்கிற அந்தத் தெளிவான மூடி பல சமயம் பாலிகார்பனேட்தான் என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் இந்த ஆக்ஸைமைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் மேலே ஏற்றிவிட்டது. பட்டறையில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்ய இன்னொரு காரணம்.

மூன்றாவது ஆல்காக்சி. இது உதறுவது மெத்தனால் போன்ற ஆல்கஹால். செம்பையும் தொடாது, ஈயத்தையும் தொடாது. கொஞ்சம் மெதுவாகக் காயும், விலை கூட. போர்டுக்கு என்று நான் வாங்குவது இதை மட்டும்தான். உலகம் முழுக்க இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை டௌ கார்னிங் 3145, 3140 என்ற இரண்டும். இப்போது டௌசில் என்ற பெயரில் வருகின்றன. 3145 கெட்டி, வைத்த இடத்தில் நிற்கும். கெப்பாசிட்டரை, ஒயரைப் பிடித்து வைக்க அது. 3140 ஓடும், போர்டு மேல் மெல்லிய பூச்சாகப் படர அது. இரண்டும் அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-ஏ-46146 என்ற தரத்துக்கு உட்பட்டவை. அந்தத் தரம் வந்ததே, காயும்போது உலோகத்தை அரிக்காத சிலிகான் வேண்டும் என்பதற்காகத்தான். வேறு கம்பெனி சரக்காக இருந்தாலும் இந்த எண்ணுக்கு உட்பட்டது என்று டேட்டா ஷீட்டில், அதாவது கம்பெனி தருகிற விவரத் தாளில், இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பிராண்டைப் பார்த்து வாங்காதீர்கள். இதே டௌசில் பெயரில்தான் 732, 734 என்றும் விற்கிறார்கள். 734 நன்றாக ஓடும், பார்க்க 3140 மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டுமே அசிடாக்சி. "அதே கம்பெனிதானே அண்ணே, ரெண்டு நம்பர்தானே மாறுது" என்று ஒரு கடைத் தம்பி என்னிடம் வாதாடியிருக்கிறான். ட்யூப் கையில் இருந்தால் மூக்கே போதும்: துளி பிதுக்கி மோந்து பாருங்கள், புளிப்பு நெடி அடித்தால் கண்ணாடிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆக்ஸைமையும் ஆல்காக்சியையும் மூக்கால் பிரிப்பது கஷ்டம். அதற்கு டேட்டா ஷீட்தான் கதி. அங்கே 'எலக்ட்ரானிக்ஸுக்கு ஏற்றது' என்று விளம்பர வரியில் சொல்லியிருப்பதை நம்ப வேண்டாம். எந்த வகையில் காய்கிறது என்ற வரி எங்கோ கீழே பொடி எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத சரக்கை நான் வாங்குவதில்லை.

அடுத்தது, காய்வதற்கு எதை இழுக்கிறது என்பது. ட்யூபில் வருகிற சாதாரணச் சிலிகான் எல்லாம் காற்றின் ஈரத்தில்தான் காய்கிறது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைப்பது பெயின்ட் பழக்கம். முதல் 10 முதல் 30 நிமிடத்தில் காய்ச்சிய பால் மேல் கட்டுவது போல ஒரு ஆடை கட்டும். அதற்குக் கீழே உள்ளது பிசினாகவேதான் இருக்கும். அந்த ஆடையைத் தாண்டி ஈரம் உள்ளே இறங்கினால்தான் அடுத்த அடுக்கு காயும். முதல் 24 மணி நேரத்தில் 2 முதல் 3 மி.மீ. ஆழம் காய்ந்தால் நல்ல சரக்கு. இரண்டு மடங்கு ஆழத்துக்கு இரண்டு மடங்கு நாள் போதாது, ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். ஈரம் ஏற்கெனவே காய்ந்த தடிப்பு முழுவதையும் கடந்து வர வேண்டுமே. ஒரு நாளில் 3 மி.மீ. காய்வது 6 மி.மீ. காய நாலு நாள். ஒரு சின்னப் பெட்டியில் போர்டை வைத்து ட்யூப் சிலிகானை மேல் விளிம்பு வரை நிரப்பிவிட்டு, "ஒரு வாரமாச்சு, இன்னும் நடுவுல கொழகொழன்னு இருக்கே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

அகலமான இரண்டு தகடுகளுக்கு நடுவே பூசி அழுத்தினாலும் இதே கதைதான். சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க் தகட்டை அலுமினியப் பெட்டியின் சுவரில் ஒட்டுகிறோம் என்று வையுங்கள். ஈரம் நுழைய ஓரம் மட்டும்தான் வழி. ஓரத்தில் ஒரு கோடு காய்ந்து, நடுவில் மாதக்கணக்கில் பச்சையாகக் கிடக்கும். தட்டிப் பார்த்தால் ஒட்டியது போலத்தான் இருக்கும். சூடேறி ஆடினால் கழன்று விழும்.

நம்மூர் வானிலையைப் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் வரும்: சித்திரையில் காற்று இவ்வளவு வறண்டு கிடக்கிறதே, சிலிகான் காயுமா? டேட்டா ஷீட்காரர்கள் எல்லாவற்றையும் 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில்தான் அளக்கிறார்கள். அந்த நிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 10 கிராம் நீராவி இருக்கும். மதுரையில் மே மாத மத்தியானம் 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 11 கிராமுக்கு மேல் வருகிறது. நம் தோலுக்கு வறட்சியாகத் தெரிகிற காற்றில் சிலிகானுக்குத் தேவையான ஈரம் குறையாமல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் வேகம். அப்போது ஆடை கட்டிவிடும் முன் வேலையை முடிக்க அவசரப்பட வேண்டும். உண்மையான சிக்கல் ஏசி ஓடுகிற அறைதான். அங்கே காற்றின் ஈரத்தை ஏசி உறிஞ்சிவிடும். அவசர வேலை என்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போர்டையும் ஓரத்தில் ஈரத் துணியையும் வைத்து லேசாக மூடி வைப்பேன். ஓவனில் வைத்து 60 டிகிரிக்கு மேல் சூடாக்குவது வேண்டாம். உள்ளே குமிழி கட்டும், பிடியும் கெடும்.

ஆழமாக நிரப்பத்தான் வேண்டும் என்றால் இரண்டு டப்பாவாக வருகிற சிலிகான்தான் வழி. கலந்து ஊற்றினால் மேலும் கீழும் நடுவும் ஒரே நேரத்தில் இறுகும். அதிலும் இரண்டு குலம். வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது ஒன்று. மலிவு, லேசில் கோபித்துக்கொள்ளாது. ஆனால் இதுவும் ஆல்கஹாலை உதறும், அதனால் கொஞ்சம் சுருங்கும். அந்த ஆல்கஹால் வெளியேறும் முன்பே இறுக்கி மூடிச் சூடேற்றினால் இறுகிய ரப்பர் திரும்பவும் குழைந்து பிசினாகும். கேட்டால் நம்ப மாட்டீர்கள், பார்த்தால் இன்னும் நம்ப மாட்டீர்கள்.

மற்றது பிளாட்டினத்தால் இறுகுவது. இதில் எதுவும் உதறப்படுவதில்லை, சுருக்கமும் இல்லை என்றே சொல்லலாம். மூடிய பெட்டிக்கு இதுதான் ராஜா. சில்கார்டு 184 என்று ஆய்வுக்கூடங்களில் எல்லாம் இருக்குமே, அது இந்த வகை; எடையில் 10-க்கு 1 என்று கலந்தால் அறை வெப்பத்திலேயே 48 மணி நேரத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இறுகும். ஆனால் பிளாட்டினம் பயங்கர ரோஷக்காரன். கந்தகம், அமீன், வெள்ளீயச் சேர்மம் இவற்றில் எது கொஞ்சம் பட்டாலும் அந்த இடத்தில் இறுகாமல் முரண்டு பிடிக்கும். கந்தகம் கலந்த ரப்பர் வாஷர், அமீன் வைத்து இறுக்கிய எபாக்சி, பற்றவைக்கும்போது போட்டுக் கழுவாமல் விட்ட பிளக்ஸ், கையில் மாட்டுகிற லேட்டக்ஸ் உறை, போன வாரம் வெள்ளீய வகைச் சிலிகான் கலக்கிய அதே கப், எல்லாமே எதிரிகள். ஒரு தொடக்கப் பூச்சு கொடுக்காமல் இது பலவற்றில் ஒட்டவும் ஒட்டாது. நிரப்பும், பிடிக்காது. பாட்டிங், அதாவது பெட்டியை ஊற்றி நிரப்புகிற வேலைக்கு வருகிறவர்களிடம், முதலில் ஒரு பழைய போர்டில் ஒரு ஸ்பூன் ஊற்றி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நிரப்புகிறபோது இன்னொன்று. சிலிகான் சூட்டில் விரிவது செம்பை விடச் சுமார் 15, 20 மடங்கு. மென்மையான பொருள் என்பதால் பக்கத்தில் இடம் இருந்தால் யாருக்கும் வலிக்காமல் ஊதிக்கொள்ளும். இடமே விடாமல் மூடி வரைக்கும் நிரப்பித் திருகினால் மூடியைப் புடைக்க வைக்கும், இல்லாவிட்டால் பாகங்களை அழுத்தும். மேலே கொஞ்சம் காலி இடம் விடுங்கள். இவ்வளவு மென்மையும் வேண்டாம் என்று எபாக்சியை ஊற்றுகிறவர்கள் உண்டு. கல் மாதிரி இறுகும், திருடன் கூடப் பிரிக்க முடியாது. சர்க்யூட்டை அடுத்தவன் காப்பியடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறவர்களையும் தெரியும். ஆனால் எபாக்சி இறுகும்போது கண்ணாடி டயோடை நெரிக்கும், காயிலுக்குள் இருக்கிற ஃபெரைட் கோரை அழுத்தி அந்தக் காயிலின் இண்டக்டன்ஸ் அளவையே மாற்றும். பகலில் கொதித்து இரவில் குளிர்கிற மோட்டார் ரூமுக்கு அது சரிப்படாது என்பது என் கட்சி.

இனி, எதைப் போக வர விடுகிறது என்ற கேள்வி. இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சிலிகான் தண்ணீரை விடாது, நீராவியை விடும். கொஞ்சம் நஞ்சமல்ல; ரப்பர், பிளாஸ்டிக் வகைகளிலேயே நீராவியைத் தாராளமாக உள்ளே விடுகிற பொருள்களில் இதுவும் ஒன்று. அப்படியானால் இதைப் பூசி என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நீராவி தனியாக வந்தால் செம்புக்கு ஒன்றும் ஆகாது. அது திரவமாகத் தேங்க ஒரு இடுக்கு வேண்டும், அந்தத் திரவம் மின்சாரம் கடத்த உப்போ அழுக்கோ வேண்டும். சிலிகான் போர்டின் மேல் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கிடந்தால் தேங்க இடம் இல்லை. ஆக, போர்டைக் காப்பாற்றுவது சிலிகானின் தடிப்பு கிடையாது, அது ஒட்டியிருக்கிற ஒட்டுதான். ஒரு மி.மீ. ஒழுங்காக ஒட்டிய பூச்சு, ஒட்டாமல் கிடக்கிற ஒரு அங்குலக் குவியலை விட மேல்.

அதனால் சிலிகான் வேலையில் முக்கால்வாசி, சிலிகானைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சோல்டரிங் பேஸ்ட்டைத் தாராளமாகப் போட்டுப் பற்றவைத்து, கழுவாமல் அதன் மேலேயே பூசினால், அந்தப் பேஸ்ட்டின் உப்பும் அமிலமும் போர்டுக்கும் சிலிகானுக்கும் நடுவே நிரந்தரக் குடியிருப்பு வாங்கிவிடும். நீராவி தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகும். பூச்சுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாமல், தடத்துக்குத் தடம் கசிவு தொடங்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, அழுக்கு ஆல்கஹாலைப் போர்டு மேலேயே காயவிடாமல் இன்னொரு முறை சுத்தமான ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவிட்டுப் பூச வேண்டும். பெட்ரோல், தின்னர் எல்லாம் எண்ணெய்ப் பசையை விட்டுப்போகும், வேண்டாம். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், டெஃப்லான் மேல் எந்தச் சிலிகானும் பிடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில டெர்மினல் கவர்களும் டெஃப்லான் ஒயர்களும் உரிந்து வருவதற்கு அதுதான் காரணம்.

ஸ்டார்ட்டர் போர்டுக்காரர்களுக்கு என்றே ஒரு தனித் தலைவலி உண்டு: ரிலே, அதாவது சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். சிலிகான் காய்ந்த பிறகும் அதற்குள் பின்னலில் சேராத குட்டி மூலக்கூறுகள் கொஞ்சம் இருக்கும். அவை மெல்ல ஆவியாகி வெளியே வரும். பெட்டிக்குள் சுற்றித் திரிந்து ரிலேயின் காண்டாக்ட் முனைகளில் உட்காரும். ரிலே திறக்கும்போது ஒரு பொறி பறக்கும் அல்லவா, அந்தச் சூட்டில் அவை சிதைந்து சிலிக்காவாக, அதாவது மணலாக, மாறும். மணல் மின்சாரம் கடத்துமா? ரிலே 'டக்' என்று அடிக்கும், காண்டாக்ட் சேரும், கரன்ட் மட்டும் போகாது. தோப்புக்காரர் போர்டு செத்துவிட்டது என்பார். மெக்கானிக் ரிலேயை மாற்றுவார், சில மாதத்தில் அதுவும் போகும். ஓம்ரான், பானசோனிக் போன்ற ரிலே கம்பெனிகளே தங்கள் குறிப்புகளில் சிலிகான் பக்கத்தில் வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கூடு போட்டு அடைத்த ரிலே ஓரளவு தாக்குப்பிடிக்கும். முழுப் பாதுகாப்பு இல்லை.

இதற்கு நான் கடைப்பிடிப்பது இவைதான். ரிலே இருக்கிற பெட்டியில் தேவைக்கு மேல் ஒரு சொட்டுச் சிலிகானும் கிடையாது. ஆவியாகும் பொருள் குறைக்கப்பட்ட தரம் என்று தனியாக விற்பதை வாங்குவேன்; விண்கல வேலைக்கான சிலிகான்களுக்கு, வெற்றிடத்தில் சூடாக்கும்போது இழக்கும் எடை 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்றாலும் அந்த எண்ணை வெளியிடுகிற கம்பெனியை நம்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பூசிய போர்டை மூடியில்லாமல் நல்ல காற்றோட்டத்தில் ஒரு வாரமாவது போட்டு வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் ஏற்றுவேன். ஆடி மாதக் காற்று இதற்கு அருமை. "இன்னைக்கே வேணும்ணே, பயிர் காயுது" என்று வருகிறவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம் இல்லை. அவருக்குப் பூச்சே இல்லாத ஒரு மாற்றுப் போர்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவருடையதை ஆற அமர முடிப்பதே நல்லது.

பழைய டிவி, எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை பிரித்தவர்களுக்கு இன்னொரு பசையைத் தெரிந்திருக்கும். பெரிய கெப்பாசிட்டர்களின் காலடியில் மஞ்சளாக ஒரு கம் ஒழுகியிருக்கும். அது சிலிகான் இல்லை, செயற்கை ரப்பர் வகைப் பசை. புதிதில் நல்லவன் போல இருந்து, வருடக்கணக்கில் சூடு பட்டதும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, மின்சாரமும் கடத்தத் தொடங்கும், தொட்ட கம்பியையும் தின்னும். பழுதுக்கு வருகிற போர்டில் அந்த நிறத்தைப் பார்த்தால் வேறு எதையும் அளப்பதற்கு முன் அதைச் சுரண்டி எடுத்துவிடுவது என் வழக்கம். பாதி நோய் அதோடு தீரும். அந்த இடத்தில் 3145 மாதிரி ஒரு ஆல்காக்சிச் சிலிகானை, கெப்பாசிட்டரின் அடியில் இரண்டு பக்கமும் கொழுக்கட்டையாக வைத்தால் போதும். லாரியில் குலுங்கி வந்தாலும் கால் ஒடியாது. கெப்பாசிட்டரின் தலையில் அழுத்தம் வெளியேற வைத்திருக்கும் கீறலை மட்டும் மூடிவிடாதீர்கள். ஹாட் க்ளூ கன்னை நான் அனுமதிப்பதே இல்லை; மே மாதத் தகரப் பெட்டிக்குள், அதுவும் சூடேறுகிற டிரான்ஸ்பார்மரை ஒட்டி, அது இளகி இறங்கிவிடும்.

சூடு கடத்த என்று சிலிகான் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். சாதாரணச் சிலிகானின் வெப்பக் கடத்தல் ஒரு மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 0.2 வாட் என்ற அளவில்தான் இருக்கும். காற்றை விடப் பல மடங்கு மேல் என்றாலும், அலுமினியத்தோடு வைத்துப் பார்த்தால் அது போர்வைதான். அதற்கென்று பொடி கலந்து வரும் வகைகளில் அதே கணக்கில் 1 முதல் 3 வரை கிடைக்கும். மொஸ்ஃபெட் போலச் சூடேறுகிற டிரான்சிஸ்டரை ஒட்ட அதைத்தான் வாங்க வேண்டும், அதையும் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக.

ஒரு நல்ல குணத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. சிலிகான் போட்ட போர்டைத் திரும்பப் பிரிக்க முடியும். பிளேடால் அறுத்து, விரலால் உருட்டி எடுத்து, பாகத்தை மாற்றிவிட்டு, மேலே புதுச் சிலிகான் போட்டால் பழையதோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் சிலிகான் மேல் சிலிகான் மட்டும்தான் ஒட்டும். பெயின்ட்டோ அக்ரிலிக் பூச்சோ வார்னிஷோ நிற்காது. அதன் எண்ணெய் மேசையில், கருவிகளில், கையில் எல்லாம் பரவி, அடுத்த வேலையின் பெயின்ட்டையும் கெடுக்கும். சிலிகானுக்கு எங்கள் பட்டறையில் தனி மேசை, தனித் துணி, தனி ஸ்பேச்சுலா.

வாங்குவதைப் பற்றி. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் எலக்ட்ரானிக் தரச் சிலிகானுக்குப் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு டீலர்களிடம் சொல்லித்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. பார்சலைப் பிரித்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். ஆல்காக்சி வகையின் ஆயுள் மற்றவற்றை விடக் குறைவு. டீலர் கிடங்கில் பாதி ஆயுள் போன சரக்கு, பார்சல் லாரியின் தகரக் கூரைக்கடியில் சித்திரை வெயிலில் வந்தால் கேட்கவே வேண்டாம். அழுத்தினால் சீராக வராமல் கட்டி கட்டியாக வந்தால் வாதாடித் திருப்பி அனுப்புங்கள். 300 மி.லி. கார்ட்ரிட்ஜ் கணக்குக்கு மலிவாகத் தெரியும், ஆனால் மாதத்துக்கு நாலைந்து போர்டு செய்கிறவருக்கு 90 மி.லி. ட்யூப்தான் லாபம், பெரியதில் பாதி உள்ளேயே காய்ந்து வீணாகும். திறந்த ட்யூபின் வாயில் ஒரு நீளமான கட்டி துருத்திக்கொண்டு நிற்கும்படி பிதுக்கி விட்டுவிடுங்கள். அதுவே காய்ந்து மூடியாகிவிடும். அடுத்த முறை இடுக்கியால் அதைப் பிடித்து இழுத்தால் முழுசாக உருவிக்கொண்டு வரும், பின்னாலேயே நல்ல சரக்கு வரும். முதலில் வருகிற பட்டாணி அளவைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு வருவதைப் போர்டில் வையுங்கள்.